உழைக்கிற கைக்கு ஒரு மணிக்கூடு



சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. அஸர் தொழுது விட்டு வந்து கடையைத் திறந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும், அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்று இருக்கலாம். தலைமயிரிலும் புருவத்திலும் சீமெந்துத் தூள் படிந்திருந்தது. துறைமுகப் பக்கம் மூடை ஏற்றி இறக்குகிற வேலை. குளிக்காமலே நேராக வந்திருக்கிறார் என்றால் அவசரம் என்று விளங்கிக் கொண்டேன்.

காற்சட்டைப் பையிலிருந்து இரண்டு மணிக்கூடுகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று பெரிய கறுப்பு முகம், சுற்றிவர இலக்கம் போட்ட வளையம், முகத்தில் 200 மீற்றர் என்ற எழுத்து. கண்ணாடிக்கு உள்ளே நீராவி பிடித்து, முட்கள் இரண்டும் பத்தேகாலில் நின்றிருந்தன. மற்றது பழைய சீக்கோ ஃபைவ். கண்ணாடி முழுக்கக் கீறல். ஆனால் கையில் எடுத்ததும் ஓடத் தொடங்கியது.

"இது அப்பாட. குவைத்துக்குப் போய் 89ஆம் ஆண்டு கொண்டு வந்தவர். போன வருஷம் அவர் தவறிட்டார். இதை வேலைக்குக் கட்டிக் கொண்டு போக அம்மா விடுறா இல்ல. இது மாதிரி ஒண்டு வேணும் நானா, பெட்டரி இல்லாதது."

வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் எரிபொருள் இருக்கிறது. அதனால் போனைக் கேற்றில் கொடுத்து விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மணி தெரியாமல் ஒரு நாள் தேநீர் இடைவேளைக்குப் போனவர் இருபது நிமிடம் பிந்தித் திரும்பினார். அரை நாள் கூலியை வெட்டி விட்டார்கள்.

கறுப்பு மணிக்கூட்டை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். தம்பி கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா வாங்கித் தந்தவ. உங்கட கடையிலதான்."

நேயர்களே, இந்தப் பத்தியில் வியாபாரம் பற்றி எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. அந்தத் தம்பி குறைகூடச் சொல்லவில்லை. அதுதான் பெரிய பாரமாக இருந்தது. அந்த மணிக்கூட்டில் ஒரு டசன் எடுத்திருந்தேன். ஏழு விற்று விட்டது. மிச்சம் ஐந்தும் அவருடைய முழங்கைக்குக் கீழே, கண்ணாடிக்குள் மின்னிக் கொண்டிருந்தன. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் கேட்ட கேள்வியை எடுத்துக் கொள்வோம். கையால் உழைக்கிற ஒருவர், கூலிக் காசில், எந்த ஒட்டோமெட்டிக் மணிக்கூட்டை வாங்கலாம்? திருகோணமலையில் மட்டும் எத்தனை பேருக்கு இது தேவை! துறைமுகம், மாவு ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள், கொட்பே மீன்பிடித் துறை, கிண்ணியாவின் வயலும் கடலும், எல்லாமே கையால் செய்கிற வேலைதான்.

ஒட்டோமெட்டிக் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பின்மூடியைத் திறந்தால் அரைவட்டமான ஒரு கனத்த தகடு இருக்கும். கை அசையும் போது அது சுழன்று உள்ளே இருக்கிற சுருளை முறுக்குகிறது. அந்தச் சுருள் மெல்ல அவிழ்வதில் மணிக்கூடு ஓடுகிறது. இதைக் கைக்கடிகாரத்தில் வெற்றிகரமாகச் செய்தவர் ஜோன் ஹார்வூட் என்ற ஆங்கிலேயர். முதலாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர். சாவி கொடுக்கிற குமிழின் ஓட்டை வழியாகத் தூசியும் ஈரமும் புகுந்து மணிக்கூடுகள் கெட்டுப் போவதைக் கண்டு, அந்தக் குமிழே இல்லாமல் ஒரு மணிக்கூடு செய்ய முயன்றார். 1924இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். ஒட்டோமெட்டிக் பிறந்ததே தூசிக்குப் பயந்துதான். சீமெந்துத் தூளில் நிற்கிற நம் தம்பி அதைக் கேட்டு வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ஊரில் ஒரு கதை உண்டு: பாரமான வேலை செய்கிறவன் ஒட்டோமெட்டிக் கட்டினால் சுருள் அளவுக்கு மிஞ்சி முறுகி அறுந்து விடும் என்று. அது பிழை. ஒட்டோமெட்டிக்கில் சுருளின் வெளி முனை நிலையாகப் பூட்டப்பட்டிருக்காது. நிரம்பியதும் அது உட்சுவரில் வழுக்கிக் கொள்ளும். நாள் முழுக்க மூடை தூக்கினாலும் அளவுக்கு மேல் முறுகாது. சொல்லப் போனால் கதிரையில் இருக்கிற என்னை விட மூடை தூக்குகிற தம்பியின் கையில்தான் அது நன்றாக ஓடும். என்னுடையது சில நாட்களில் சுபஹுக்கு முன்பே நின்று விடுகிறது. நிரம்பிய சுருள் பொதுவாக 40 மணித்தியாலம் அளவில் ஓடும். சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குக் கழற்றி வைத்தால் திங்கள் காலை ஏழு மணிக்கும் ஓடிக் கொண்டிருக்கும்.

பெட்டரி வேண்டாம் என்பதன் அருமை எமது பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யுத்த காலத்தில், 1990களில், வடக்குக்குக் கொண்டு போகத் தடை செய்யப்பட்ட பொருட்களில் பெட்டரியும் ஒன்று. பெட்டரி வேண்டாத மணிக்கூடு இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர் திரும்பி வரும் போது வாப்பாவுக்கோ மச்சானுக்கோ கொண்டு வருகிற சாமானில் முதலாவது சீக்கோ ஃபைவ்தான். முஸ்லிம் வீடு, தமிழ் வீடு, சிங்கள வீடு என்ற வித்தியாசம் அதில் இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட ஊர் இது. நாற்பது வருடம் கழித்து அதே ஊரில் மாப்பிள்ளையின் கையில் ஜப்பான் மணிக்கூடு இல்லாவிட்டால் கல்யாணப் படம் எடுபடாது என்று ஆகி விட்டது.

சீக்கோ ஃபைவ் 1963இல் வந்தது. அந்த ஐந்து என்ன என்று விற்கிறவர்களுக்கே பல நேரம் தெரியாது. தானாகச் சாவி ஏறும், கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில் தெரியும், தண்ணீரைத் தாங்கும், குமிழ் நான்கு மணிப் பக்கம் உள்ளே ஒடுங்கியிருக்கும், கூடும் பட்டியும் உறுதியானவை. இதில் நான்காவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மூன்று மணிப் பக்கம் நீட்டிக் கொண்டிருக்கிற குமிழ், மணிக்கட்டை மடித்து மூடை தூக்கும் போது புறங்கையில் குத்தும். எங்காவது கொளுவி வளையவும் செய்யும். ஒதுங்கியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

தம்பியின் அப்பாவுடைய மணிக்கூட்டை நமது மணிக்கூடு திருத்தும் பெரியவரிடம் கொண்டு போனோம். அவருக்கு வயது எழுபதைத் தாண்டி விட்டது. பின்மூடியைத் திறந்து கண்ணில் வில்லையை வைத்துப் பார்த்தார். உள்ளே 7009 இயந்திரம், 17 கல். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. ரப்பர் வளையம் பொடியாக உதிர்ந்தது. சுழலும் தகடு தேய்ந்து மூடியில் உரசியதால் ஒரு வட்டக் கோடு விழுந்திருந்தது. பெரியவர் சொன்னார்: "முப்பது வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. ரெண்டு தரத்துக்கு மேல திறந்திருக்க மாட்டாங்க. கழுவி எண்ணெய் போட்டா இன்னும் ஓடும் தம்பி."

பெரியவரின் மேசையை நான் 2005 ஜனவரியில் பார்த்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு சேற்றிலிருந்து எடுத்த மணிக்கூடுகளைக் கடுதாசியில் சுற்றிக் கொண்டு வந்தார்கள். சிலவற்றின் சொந்தக்காரர் உயிரோடு இல்லை. அதனாலேயே எப்படியாவது ஓட வைத்துத் தாருங்கள் என்று நின்றார்கள். முதல் சில நாட்களுக்குள் கொண்டு வந்தவற்றைப் பெரியவர் நல்ல தண்ணீரில் கழுவி, பிரித்து, காய வைத்து ஓட வைத்தார். ஒரு மாதம் அலுமாரியில் வைத்து விட்டுக் கொண்டு வந்தவற்றில் எதுவும் மிஞ்சவில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் நாட்கணக்கில் இரும்பைத் தின்று விடும். கடலுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் போய் விட்டதென்று தெரிந்தால் வெயிலில் காய வைக்கிறேன், அரிசிக்குள் புதைக்கிறேன் என்று மினக்கெடாமல் அன்றைக்கே திறக்கக் கொடுத்து விடுங்கள்.

ஆகவே தண்ணீர்தான் முதல் விடயம். முகத்தில் எழுதியிருக்கிற மீற்றர் கணக்கைப் பார்த்து அவ்வளவு ஆழம் போகலாம் என்று நினைப்பது எல்லோரும் விடுகிற பிழை. அது அசையாத நிலையில் கொடுத்துப் பார்த்த அழுத்தத்தின் அளவு. 30 மீற்றர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். 50 என்றால் குளிக்கலாம். கடலில் இறங்குகிறவர், இறங்கி வேலை செய்கிறவர் 100க்குக் குறைய வாங்கக் கூடாது. குமிழ் திருகி இறுக்குகிற வகையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த அளவும் புதிதாக இருக்கும் போது உள்ள அளவு. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் நமது வெயிலுக்கும் வியர்வைக்கும் இரண்டு மூன்று வருடத்தில் இறுகி விடும். மலிவான சாமான் அது. மாற்றச் சோம்பல் பட்டுத்தான் மணிக்கூட்டையே இழக்கிறோம்.

எங்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கும் உண்டு. ஐந்து வக்துக்கும் தனித்தனியாக வுழூ செய்கிறவரின் கை வருடத்துக்கு 1,825 தரம் நனைகிறது. மணிக்கூட்டின் அடியில் தண்ணீர் படவும் வேண்டும். ஆகவே கழற்றி ஹவுழ் கட்டில் வைக்கிறோம், தொழுகைக்கு ஓடுகிறோம், மறந்து விடுகிறோம். எங்கள் பள்ளியில் முஅத்தினாரின் லாச்சியில் எந்த நேரமும் இரண்டு மணிக்கூடாவது சொந்தக்காரரைத் தேடிக் கொண்டிருக்கும். தொழுகை நேரம் கணிக்கப் பள்ளிவாசல்களில் முவக்கித் என்று தனியாக ஒருவரை வைத்திருந்த சமூகம் நாம். இன்று பள்ளியிலேயே மணிக்கூட்டை விட்டு விட்டு வருகிறோம். கொஞ்சம் தளர்வாகக் கட்டி, மேலே தள்ளிக் கழுவக் கூடிய பட்டியாக வைத்துக் கொண்டால் கழற்றுகிற வேலை இல்லை.

பட்டி என்று வந்து விட்டதால் அதையும் சொல்லி விடுகிறேன். தோல் பட்டி உழைக்கிற கைக்கு ஆகாது. வியர்வையில் மூன்று மாதத்தில் நாறும், ஒரு வருடத்தில் அறும். மலிவான இரும்புப் பட்டியின் ஆணிகள் தளர்ந்து மயிரைப் பிடுங்கும். நைலோன் பட்டியில் ஒரு வகை இருக்கிறது. ஒரே நீளத் துண்டாக இரண்டு பக்க ஆணிகளுக்கும் கீழால் போய் வரும். பிரித்தானிய இராணுவத்துக்கு 1973இல் அறிமுகமான அமைப்பு. ஒரு பக்க ஆணி கழன்றாலும் மற்ற ஆணி பட்டியில் பிடித்துக் கொள்ளும், மணிக்கூடு கடலில் விழாது. கழுவலாம், காயப் போடலாம். மலிவும் கூட.

அடுத்தது கூடு. மணிக்கூட்டைத் திருப்பி, பின்மூடியில் உள்ள எழுத்தை வாசியுங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் இருந்தால் மூடி மட்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கூடு வேறு மலிவான உலோகத்தில் வார்த்து முலாம் பூசியது என்று வைத்துக் கொள்ளலாம். வியர்வை அந்த முலாமைத் தின்னும். முதலில் பட்டி பூட்டுகிற மூலைகளில் நிறம் மாறும், பிறகு மணிக்கட்டில் பச்சைக் கறை, சிலருக்குக் கடி, சொறி. நான் விற்ற கறுப்பு மணிக்கூட்டில் இருந்தது அந்த எழுத்துத்தான். நான் வாசித்திருக்கவில்லை. ஆண்கள் தங்க முலாம் கட்டலாமா என்பதை மௌலவிமாரிடம் கேளுங்கள். வியாபாரியாக எனக்குத் தெரிந்தது, அது கட்டாயம் கழன்று விடும் என்பதே.

கண்ணாடியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சஃபையர் கீறாது, ஆனால் மூலையில் அடிபட்டால் சிதறும், விலையும் கூட. சாதாரண மினரல் கண்ணாடி கீறும், மாற்றலாம்.

இயந்திரம்தான் சாமான். திருகோணமலையில் ஏன் எல்லோரும் பஜாஜ் ஓட்டோ வாங்குகிறார்கள்? எந்தச் சந்தியில் நின்றாலும் உதிரிப்பாகம் கிடைக்கும், எந்தப் பொடியனும் கழற்றிப் பூட்டுவான். மணிக்கூட்டிலும் அதே புத்திதான் வேண்டும். சீக்கோவின் 7S26 இயந்திரம் 1996இல் வந்தது. 21 கல், மணித்தியாலத்துக்கு 21,600 அடி. குமிழைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது, நேரம் வைக்கும் போது செக்கன் முள் நிற்காது. இந்தக் குறைகளோடு உலகம் முழுக்க ஓடியது, இன்றும் ஓடுகிறது. சீக்கோ கூட்டத்தார் மற்ற உற்பத்தியாளர்களுக்கு விற்கிற என்.எச். 35, என்.எச். 36, சிட்டிசன் கூட்டத்தாரின் மியோட்டா 8215 ஆகியவையும் அதே வகை உழைப்பாளிகள். மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இவற்றில் ஒன்று இருந்தால் திருத்தலாம். திருத்தக் கட்டாது போனால் இயந்திரத்தையே முழுதாக மாற்றலாம். ஓரியன்ட்டும் நல்ல சாமான்தான், சொந்த இயந்திரம், சோலி குறைவு. ஆனால் நமது ஊரில் அதற்குப் பாகம் தேடுவது கொஞ்சம் கஷ்டம். 2019இல் சீக்கோ ஃபைவ் வரிசையைப் புதுப்பித்தார்கள். புதியவற்றில் கையாலும் சாவி கொடுக்கலாம், 100 மீற்றர் தண்ணீர் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறி விட்டது. முகத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்று எழுதியது வேண்டும் என்று கூடக் காசு கொடுக்கிறவர்கள் உண்டு. பழைய ஃபைவில் எழுதியதிலும் எழுதாததிலும் ஓடியது ஒரே வகை இயந்திரம்.

இயந்திரம் ஒரு நாளைக்கு இருபது, முப்பது செக்கன் முன்னே பின்னே போகும். இதற்காகக் கடைக்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள். ஒரு நாளில் 86,400 செக்கன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தரம் சரிப்படுத்தினால் போதும். ஆனால் இரவு ஒன்பது மணியிலிருந்து அதிகாலை மூன்று மணி வரை திகதியைக் கையால் மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் திகதிப் பற்சக்கரம் பிடித்திருக்கும், உடையும்.

பழைய சீக்கோ வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பம்பாயிலிருந்து புது மெருகோடு வருகிற பழைய மணிக்கூடுகள் இருக்கின்றன. செம்மஞ்சள், கிளிப்பச்சை என்று சீக்கோ ஒரு நாளும் அடிக்காத நிறத்தில் முகத்துக்கு வர்ணம் பூசியிருப்பார்கள். உள்ளே நாலு மணிக்கூட்டின் பாகங்கள் குடும்பம் நடத்தும். பின்மூடியில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். 7S26 என்று தொடங்கினால் உள்ளேயும் 7S26 இருக்க வேண்டும். திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆறு இலக்கத் தொடர் எண்ணில் முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 83 என்று தொடங்கினால் எட்டில் முடிகிற ஓர் ஆண்டின் மார்ச் மாதம். 'பொக்ஸ் பீஸ், போன வருடத்து' என்று கடைக்காரர் சொல்வது இந்த இலக்கத்தோடு ஒத்து வராவிட்டால் எழும்பி வந்து விடுங்கள்.

ஒட்டோமெட்டிக்கே வாங்க வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆட்களும் உண்டு. கல் உடைக்கிறவர், கொங்கிறீட் துளைக்கிற இயந்திரம் பிடிக்கிறவர், நாள் முழுக்கச் சம்மட்டி அடிக்கிறவர். விடாத அதிர்வு அந்த நுண்ணிய அச்சுகளுக்கு ஆகாது. கெசியோ நிறுவனத்தின் பொறியியலாளர் கிக்குவோ இபே, தகப்பன் பரிசாகக் கொடுத்த மணிக்கூடு கீழே விழுந்து உடைந்த பிறகுதான் உடையாத மணிக்கூடு ஒன்றைப் பற்றி நினைக்கத் தொடங்கினார். வீதி வேலைக்காரர்கள் கையில் மணிக்கூடே கட்டாமல் நிற்பதையும் அவர் கவனித்தார். கட்டினால் உடைந்து விடும் என்று அவர்களுக்குத் தெரியும். இருநூறுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்து, மாடிக் கழிவறை ஜன்னலால் கீழே போட்டுப் போட்டுப் பார்த்து, 1983இல் ஜீ-ஷொக்கை வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு அதுதான் சரி. அதற்கும் வசதியில்லாவிட்டால் சாதாரண பிளாஸ்டிக் கெசியோ போதும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெல்டிங் வேலைக்காரரின் ஒட்டோமெட்டிக் திடீரென ஒரு நாளைக்குப் பல நிமிடம் முந்தினால், காந்தம் ஏறி உள்ளே மயிர்ச்சுருள் ஒட்டியிருக்கும். திருத்துகிறவர் கொஞ்ச நேரத்தில் காந்தத்தை எடுத்து விடுவார். இதற்காக 'இயந்திரம் போய் விட்டது, புதிது வாங்குங்கள்' என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். வாகன பெட்டரி, மின்சார வேலை செய்கிறவர் இரும்புப் பட்டி கட்டவே கூடாது. ஓடுகிற பெல்ட், சுழல்கிற தண்டு பக்கத்தில் எந்த மணிக்கூடும் வேண்டாம். மணிக்கூடு போனால் வாங்கலாம், கை போனால் எங்கே வாங்குவது?

விலையை நான் இங்கே எழுதவில்லை. 2022இல் இரண்டு மாதத்துக்குள் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனதைக் கண்டவர்கள் நாம். நாட்கூலியில் கணக்குப் பாருங்கள். உழைக்கிற மணிக்கூட்டுக்குப் பதினைந்து நாள் கூலிக்கு மேல் போக வேண்டாம் என்பது எனது அபிப்பிராயம். அதில் ஒரு பங்கை ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் கழுவி எண்ணெய் போடுகிற செலவுக்கு இப்போதே நினைத்து வையுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்குப் பேசி முறைப்பாடு செய்யலாம். என் கடையைப் பற்றியும்தான்.

இப்போது அந்த ஒரு டசன்.

அதைத் தந்த மொத்த வியாபாரி எனக்குப் பல வருடப் பழக்கம். பெட்டி அழகு, இலாபம் நல்லது, காசுக்கு மூன்று மாதத் தவணை. 200 மீற்றர் என்று எழுதியிருக்கிறதே, சோதித்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இதுதான் உண்மை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட சம்பவத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறேன். என் கடையில் ஈரம் கண்ணாடிக்கு உள்ளேயே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வந்து நின்றது.

மறுநாள் மொத்த வியாபாரிக்குப் பேசினேன். "அது டிசைன் ஹாஜி, அப்படித்தான் எல்லாரும் அடிக்கிறாங்க" என்றார். திருப்பி எடுக்க மாட்டாராம். அவருக்குக் கொடுத்த செக் அடுத்த கிழமை பாஸாகியது. ஐந்தையும் கண்ணாடியிலிருந்து எடுத்து லாச்சியில் போட்டேன். தம்பியின் அக்கா கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்தேன். மற்ற ஆறு பேரைத் தேடினேன். பில் கொடுத்தது இரண்டு பேருக்குத்தான், மற்றவர்களை முகம் நினைவில் வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது. இதுவரை மூன்று பேர் வந்து காசை வாங்கினார்கள். ஒருவர், தன்னுடையது நன்றாக ஓடுகிறதென்று சொல்லிக் கொடுக்க மறுத்து விட்டார். தண்ணீரில் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இருவரை இன்னும் காணவில்லை. சிவப்புப் பெட்டியில், பெருநாளுக்கு முந்திய வாரம் வாங்கியவர்கள். இதை வாசித்தால் தயவு செய்து கடைக்கு வாருங்கள்.

தம்பிக்குப் புது சீக்கோ வாங்க வசதி இல்லை. கட்டாரிலிருந்து வந்த ஒருவர் விற்கத் தந்த 7S26 ஃபைவ் ஒன்று என்னிடம் இருந்தது. முழு ஸ்டீல் கூடு, முகத்தில் தொழிற்சாலை வர்ணம் அப்படியே. அதைத் தம்பியின் கண்முன்னாலேயே பெரியவர் திறந்து காட்டினார். புது ரப்பர் வளையம் போட்டு, சாம்பல் நிற நைலோன் பட்டி பூட்டினோம். கடலுக்கு இது சரி வராது, மழைக்கும் கை கழுவவும் மட்டும் என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அக்காவின் காசு போக மிச்சத்தை இரண்டு சம்பளத்தில் தருவதாகப் பேச்சு. முதலாவது தவணை வந்து விட்டது. ஒரு நாளைக்குப் பதினைந்து செக்கன் முந்துகிறதாம். தேநீர் குடித்து விட்டு முதல் ஆளாகத் திரும்பி நிற்பது தான்தான் என்கிறார்.

அப்பாவின் மணிக்கூடு பெரியவரின் மேசையில் இருக்கிறது. சுழலும் தகட்டின் ஒரு சிறு பாகத்துக்காகக் கொழும்புக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். கீறல் விழுந்த கண்ணாடியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று அவருடைய அம்மா சொல்லி விட்டாராம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் தராசுக்கு முத்திரை போடுகிற விடயம்.